படத்தில் இருந்த எமியும் நேரில் வந்த எமியும்

திருமதி ஒகாடா படத்தை மேசையில் வைத்துவிட்டு எமியைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடியும் எமியைப் பார்த்தார். சந்தையில் மீன் வாங்குகிறவர்கள்கூட ஒரு மீனை இத்தனை தரம் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.

பேக்கர் ஸ்றீற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் மேல்மாடி அறை அது. வெளியே மழை. என் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவர்களுடைய கம்பளம் நனைந்துகொண்டிருந்தது. கைபிடி இல்லாத கிண்ணத்தில் பச்சைத் தேநீர் தந்தார்கள். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் திருமதி ஒகாடா, அவரைவிட இளைய ஒரு பெண், பேசாமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு கனவான். இந்தப் பக்கம் பத்தொன்பது வயது எமி, அவளுடைய தாய் ஹருகோ, துணைக்குப் போன நான்.

"இந்தப் படம் எந்த ஸ்ரூடியோவில் எடுத்தது?" என்று திருமதி ஒகாடா ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்களுடைய ஸ்ரூடியோதான், ஹரோவில் இருக்கிறது, நானே எடுத்து நானே கழுவினேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். பாராட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன், பாருங்கள்!

அதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. அதை எழுதுவதற்கு முதல், அந்த அறைக்கு நாங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லவேண்டும்.

முத்திரை வாங்கியவர்

ஸ்ரூடியோ திறந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். எங்களிடம் முதன்முதலில் படம் எடுக்க வந்தவர் என்று ஒருவரைச் சொன்னேனே, அவர்தான் சிவபாலண்ணை. பருத்தித்துறைக்காரர். கப்பலில் எஞ்சினியராகத் திரிந்தவர். யோக்கோஹாமாவில் கப்பல் பழுதாகி மாதக்கணக்கில் நின்றபோது, துறைமுகத்துக்குப் பக்கத்துத் தபாற்கந்தோரில் இருந்த பெண்ணிடம் தினமும் ஒரே ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தவர். வீட்டுக்கு அவ்வளவு கடிதம் எழுதுகிற ஆளும் இல்லை.

அந்தப் பெண்தான் ஹருகோ. லண்டனுக்கு வந்து குடியேறியபோது அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. கணவரிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதால், பழகியது அச்சொட்டான பருத்தித்துறைத் தமிழ். தொலைபேசியில் கதைத்தால் நீங்கள் எந்தத் தெரு என்றுதான் கேட்பீர்கள். என் பெயர் தவமணி. அவருக்கு நான் மணி அக்கா.

ஹருகோவின் தகப்பன் யோக்கோஹாமாவில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற வியாபாரி. மகள் ஒரு கறுத்த மாலுமியைக் கட்டியதை அவர் மன்னிக்கவில்லை. எமி பிறந்த நாளிலிருந்து ஹருகோ அவருக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். கடிதம் திரும்பி வராது. பதிலும் வராது. மனிசன் வாசிக்கிறாரா, குப்பையில் போடுகிறாரா, ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு ஜப்பானியர் சங்கம் இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. வருஷ விழாவில் ஓர் அழகு ராணியைத் தெரிவுசெய்வார்கள். வென்றவளை ஜப்பானுக்கு அனுப்பி ஊர் ஊராகக் கூட்டிப் போவார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரும். அந்த வருஷம் போகிற ஊர்களில் யோக்கோஹாமாவும் இருந்தது.

"அம்மப்பா கடிதத்தை ஒளிக்கலாம், அன்ரி. பேப்பரை ஒளிக்க ஏலாதுதானே?" என்று எமி என்னிடம் கேட்டாள்.

கிரீடம், பட்டம் ஒன்றும் அவளுக்குப் பொருட்டில்லை. பத்தொன்பது வருஷமாகத் தன்னைத் திரும்பிப் பார்க்காத அந்தக் கிழவன் ஒருமுறை பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

கரண்டி

விண்ணப்பத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படம் கேட்டிருந்தார்கள், தங்கள் மாத இதழில் போடுவதற்காக. எமி ஒரு சனிக்கிழமை வந்து இருந்தாள். தகப்பனின் நிறம், பொதுநிறத்தைவிட ஒரு பிடி கூட. தகப்பனின் பெரிய கண். தாயின் கன்னம், தாயின் நேரான தலைமயிர். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு.

இனி என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். வெட்கமாக இருக்கிறது, சொல்லித்தானே ஆகவேண்டும்.

எங்களிடம் எடுக்கிற படங்களில் முக்கால்வாசி கலியாணப் பேச்சுக்கு அனுப்புகிற படங்கள். குட்மேய்ஸ், விம்பிள்டன் என்று எங்கிருந்தெல்லாமோ ரயில் ஏறி வருவார்கள். பெண் உள்ளே போய்ச் சேலைத் தலைப்பைச் சரிசெய்யும் நேரத்தில், தாய் கவுன்ரரில் குனிந்து மெல்லச் சொல்லுவார்: "தங்கச்சி, கொஞ்சம் வெளுப்பாய்ப் போட்டுவிடுங்கோ. மாப்பிளை வீடு கனடாவில." கனடா மாப்பிளைக்குக் கறுப்பைக் கண்டால் கண் நோகுமாக்கும்!

அதற்கென்று என்னிடம் ஒரு சாமான் இருந்தது. ஒரு கம்பி, அதன் நுனியில் முட்டை வடிவில் வெட்டி ஒட்டிய மட்டை. என் கணவர் அதைக் கரண்டி என்பார். இருட்டறையில் நெகட்டிவ்வின் வழியாகத் தாளில் வெளிச்சம் விழும்போது, முகம் விழுகிற இடத்துக்கு மேலே அந்த மட்டையைப் பிடித்து மெல்ல ஆட்டவேண்டும். வெளிச்சம் குறைவாகப் பட்ட இடம் தாளில் வெளுத்து வரும். ஆட்டாமல் பிடித்தால் ஓரம் தெரிந்துவிடும். எனக்கு ஓரம் தெரிந்ததே இல்லை.

கேட்டவர்களுக்குச் செய்யத் தொடங்கி, கேட்காதவர்களுக்கும் செய்து, பிறகு செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் போய்விட்டது. எமியின் படத்துக்கும் செய்தேன். அவள் கேட்கவில்லை. ஹருகோ கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் முகம், ஆரோ நாலு பேர் பார்த்துத் தெரிவுசெய்யப்போகிற படம். என் கை தானாகவே கரண்டியை எடுத்துவிட்டது.

சில வாரத்தில் இதழ் வந்தது. கடைசிச் சுற்றுக்கு எட்டுப் பெண்கள். அதில் எமியும் ஒருத்தி! இனி ஒவ்வொருவரும் தாயோடு ஹோட்டலுக்கு வந்து நடுவர்களை நேரில் சந்திக்கவேண்டுமாம். நான் துள்ளிக் குதிக்காத குறை. கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பிள்ளை ஆரோ மாதிரி இருக்கிறாள்," என்றார்.

"கண்டறியாத கதை கதையாதேங்கோ," என்று அவருடைய வாயை அடைத்தேன்.

ஹீத்ரோவில் நடந்தது

அப்படிச் சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் என் மாமாவின் ஸ்ரூடியோவில் வேலை பழகியவள் நான். எனக்கு லண்டன் மாப்பிளை பேசியபோது என் படத்தை மாமா எடுத்தார், நான் கழுவினேன். சொந்தப் படமல்லவா, கரண்டியைத் தாராளமாகவே பிடித்தேன்.

ஹீத்ரோவில் வந்து இறங்கினால், மாப்பிளை அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போகிறார். திரும்பி வருகிறார். மறுபடியும் கடந்து போகிறார். நான் அவரை அவருடைய படத்தை வைத்து உடனே அடையாளம் கண்டுவிட்டேன். ஆண்பிள்ளைகளின் படத்துக்கு ஆர் கரண்டி பிடித்தார்கள்? அவர் ஒரு பஞ்சாபிப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்க, பக்கத்தில் நின்ற அவளுடைய அண்ணன் முறைத்தான். கடைசியில் சனம் எல்லாம் கலைந்து, நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"நீங்கள்... தவமணியோ?"

"ஓம். பிரயாணக் களை," என்றேன்.

படத்தில் இருந்த பெண்ணுக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் பகிடி விடுவார். இப்போது நானும் சிரிப்பேன். அன்றைக்குக் கூசிப்போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பட்ட பிறகும் அந்தக் கம்பியை முறித்து எறியவில்லையே, எனக்கென்ன விசரா?

எங்கட சனமும் திறம்தான்

ஜப்பான்காரரை மட்டும் திட்டினால் நியாயமில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

எமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் போனோம். ஒரு அம்மா, நல்ல பட்டுச் சேலை, ஹருகோவுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டு என்னிடம் கேட்கிறா: "இந்தச் சீனத்திப் பிள்ளை ஆரின்ர?"

"என்ர பிள்ளை," என்றார் ஹருகோ. "நீங்கள் பிரசாதம் எடுத்திட்டியளோ?"

அந்த அம்மாவின் கையிலிருந்த திருநீறு பாதி கீழே கொட்டிற்று. ஆனால் மன்னிப்புக் கேட்டாவா? இல்லை. "அட, தமிழ் கதைக்குது!" என்று பக்கத்தில் நின்றவவிடம் காட்டினா.

சங்கத்திலும் இதே கூத்துத்தான். ஹருகோ முதலில் ஒழுங்காகப் போய்வந்தவர். அங்கே பெண்கள் எமியிடம் ஆங்கிலத்தில் பேசி, குச்சியால் சாப்பிட எங்கே பழகினாய் என்று கேட்டுத் தலையைத் தடவுவார்களாம். ஜப்பான்காரி பெற்று வளர்த்த பிள்ளை வேறு எங்கே பழகும்? ஒருமுறை, இரண்டுமுறை, பத்துமுறை கேட்ட பிறகு ஹருகோ போவதை நிறுத்திவிட்டார். அழகு ராணிப் போட்டிக்காகத்தான் பல வருஷத்துக்குப் பிறகு அந்தச் சனத்தின் முன்னால் போகச் சம்மதித்தார். ஹோட்டலுக்கு வரச்சொன்ன அன்று சிவபாலண்ணைக்கு ஷிப்ட். "தனியப் போக ஏலாது, அக்கா. நீங்களும் வாங்கோ," என்று ஹருகோ என்னைக் கேட்டார். அப்படித்தான் நான் அந்த மேசைக்கு முன்னால் போய் இருந்தேன்.

திரைக்குப் பின்னால்

"அப்படியானால் உங்களுக்கும் தெரிந்திருக்கிறது," என்றார் திருமதி ஒகாடா. குரலில் கோபமே இல்லை.

"என்ன தெரியும்?"

"ஜப்பானியப் பெண் எப்படி இருக்கவேண்டும் என்று. அதற்காகத்தானே படத்தை இப்படிச் செய்தீர்கள்? நாங்கள் தெரிவுசெய்தது இந்தப் பெண்ணை." படத்தை விரலால் தொட்டார். "வந்திருப்பவர் வேறொருவர்."

பக்கத்தில் இருந்த இளைய பெண் சொன்னாள், ராணி மேடைக்கு வந்தால் பார்த்தவுடனே ஜப்பான் தெரியவேண்டுமாம். சொன்னவளுடைய தலை சுருட்டிப் பேர்ம் பண்ணிச் செம்பட்டை அடித்த தலை! இந்தப் போட்டிக்கு வருகிற பெண்கள் கண் பெரிதாகத் தெரிவதற்காக இமையில் மெல்லிய நாடா ஒட்டுவார்கள் என்று எமி எனக்குச் சொல்லியிருந்தாள். நாடா ஒட்டிய கண் ஜப்பான் கண். பிறவியிலேயே பெரிதாக இருந்தால் அது பிழையான கண். இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்லுவது?

எமி ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். என்னில் எது ஜப்பான் இல்லை என்று கேட்டதாகப் பிறகு ஹருகோ சொன்னார். திருமதி ஒகாடா எமியின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

"எமியின் ஜப்பானிய மொழி மிக அழகு," என்றார் என்னைப் பார்த்து. "மற்ற ஏழு பேருக்கும் இப்படி வராது. ஆகவே விழாவில் அவர் அறிவிப்பாளராக இருக்கட்டும். திரைக்குப் பின்னால் ஒலிவாங்கி வைத்துத் தருகிறோம்."

திரைக்குப் பின்னால்! குரல் வேண்டுமாம், முகம் வேண்டாமாம். ஏழு பெண்களின் பெயரையும் இவள் ஒளிந்து நின்று வாசிக்க, அவர்கள் ஒவ்வொருவராக வெளிச்சத்தில் நடந்து வருவார்களாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். மேசையில் கிடந்தது என் கைவேலை. அதை வைத்துக்கொண்டு நான் எந்த வாயால் சண்டை பிடிப்பது?

ஹருகோ எழுந்தார். மூன்று பேருக்கும் இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொன்னார். சிரித்த முகத்தோடு, மெல்லிய குரலில், தமிழில் சொன்னார்:

"எழும்புங்கோ அக்கா, போவம். இந்தக் கோதாரியளோட இனி என்ன கதை?"

நன்றி சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் மூவரும் எழுந்து நின்று திருப்பிக் குனிந்தார்கள்.

ரயிலில்

பேக்கர் ஸ்றீற்றில் ரயில் ஏறியதும் நான் தொடங்கினேன். வெம்ப்ளி பார்க் வரைக்கும் நிறுத்தவில்லை. "என்ன திமிர் இவையளுக்கு! இந்த நாட்டில நாங்களும் வந்தாக்கள், இவையளும் வந்தாக்கள். வெள்ளைக்காரன் இவையளைப் பாத்து முகம் சுழிச்சால் பேப்பரில எழுதுவினம். தங்கட பிள்ளையைத் தாங்களே தள்ளி வைக்கினம். நாசமாய்ப் போறவை!" எதிரே இருந்த வெள்ளைக்காரர் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

எமி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது திரும்பினாள். பாதி ஆங்கிலம், பாதித் தமிழ். நான் முழுதும் தமிழில் எழுதுகிறேன்.

"அன்ரி, நான் உங்களிட்ட என்னை வெள்ளையாக்கச் சொன்னனானே?"

"இல்லைப் பிள்ளை. நான் எல்லாருக்கும் செய்யிறனான். உமக்கு நல்லது வரட்டுமெண்டுதான்..."

"அவை என்ர முகத்தைப் பாத்து வேண்டாமெண்டு சொன்னவை. நீங்கள் ஒண்டும் சொல்லாமலே செய்திட்டியள்."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. அதற்குப் பிறகு அவள் பழையபடி யன்னலைப் பார்த்தாள். செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு நொந்திருக்காது. என்னில் எனக்கே ஆத்திரம் வந்தது.

யோக்கோஹாமாவுக்கு ஒரு படம்

விழா நடந்த அதே சனிக்கிழமை, தாயும் மகளும் ஒரு பெரிய துணிப் பொட்டலத்தோடு ஸ்ரூடியோவுக்கு வந்தார்கள். இனி இந்த வாசற்படி ஏறமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். எமி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"பேப்பரில வராது. அப்ப நாங்களே அனுப்புவம். படம் எடுங்கோ, அன்ரி."

பொட்டலத்தில் ஹருகோ கல்யாணத்துக்கு முதல் உடுத்த கிமோனோ. ஹருகோ தரையில் மண்டியிட்டு மடிப்பைச் சரிசெய்தார். பிறகு அகன்ற இடுப்புப் பட்டியை இழுத்து இறுக்கிக் கட்டினார். எமி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். படம் எடுத்தேன்.

நெகட்டிவ் கழுவிக் காய்ந்த பிறகுதான் எமி பின்னறைக்கு உடுப்பு மாற்றப் போனாள். நான் இருட்டறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வெளிச்சம் விழுந்தபடி விழட்டும். மருந்துத் தட்டில் முகம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. அதே நிறம், அதே கண். கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு வந்து கவுன்ரரில் வைத்தேன்.

ஹருகோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கவுன்ரரில் குனிந்து, மெல்லக் கேட்டார்:

"அக்கா, அப்பாவுக்குப் போற படம். கொஞ்சம்... வெளுப்பாய்ப் போட ஏலாதோ?"

அந்த ஹோட்டல் அறையில் அவ்வளவு நிமிர்ந்து எழும்பினவ! கோபிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. அந்தத் தொழிலில் அத்தனை வருஷத்தில் முதன்முறையாகச் சொன்னேன்.

"ஏலாது, ஹருகோ."

"உங்களுக்கென்ன! உங்கட அப்பா உங்கட பிள்ளையளைத் தூக்கி வைச்சிருந்தவர். என்ர அப்பாவுக்கு எண்பது வயதாகுது. நான் இனி எப்ப காட்டுறது?" கண் நிறைந்துவிட்டது.

இரண்டு நிமிஷ வேலை. உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்திருந்தால் அந்த மனிசிக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். எமிக்கும் தெரியவராது. இருட்டறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன்.

"அவர் பாக்கிறதெண்டால் எமியைப் பாக்கட்டும்," என்றேன். "வேற ஆரையோ அனுப்பி என்ன பிரயோசனம்? அந்த வேற ஆளைத்தானே ஒகாடாவும் தெரிவுசெய்தவ."

ஹருகோ மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு பேனை கேட்டார். படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாக எழுதினார்.

"என்ன எழுதினனீர்?"

"எமி சிவபாலன். உங்கட பேத்தி," என்றார். "கவர் இருக்கோ, அக்கா?"

எமி வெளியே வந்தபோது முகவரியும் எழுதி முடிந்திருந்தது. அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பத்தியை இப்போது வாசிப்பாள், வாசிக்கட்டும்.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஒரு வரி எழுதினால் கை முறிந்துவிடுமா அந்த மனிசனுக்கு? அடுத்த வருஷம் அதே மாதத்தில் எமி மறுபடியும் வந்து ஸ்ரூலில் ஏறி இருந்தாள்.

"இன்னுமோ பிள்ளை? அவர்தான் பதிலே போடுறாரில்லையே," என்றேன்.

"படம் திரும்பியும் வரேல்லைத்தானே," என்றாள். தலையை நிமிர்த்திக் கமெராவை நேராகப் பார்த்தாள். "ஒவ்வொரு வருஷமும் அனுப்புவம். அவர் பாத்துப் பழகட்டும், அன்ரி."